உட்காரத் தெரியாத நார்து

மால்ட்டாத் தீவின் கோர்மி ஊரில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிற நார்து ஷிபெர்ராஸ், இத்தாலி நாட்டைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. காலைக் கப்பலில் சிசிலிக்குப் போய் இறங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மதியம் சாப்பிட்டுவிட்டு, மாலைக் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்தச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜைக்காரனிடம், எண்பத்திரண்டில் நாம் உலகக் கோப்பை ஜெயித்தோமே, அந்த மாதிரி ஒரு டீம் இனிமேல் நமக்கு அமையுமா என்று உருக்கமாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “நாமன்னா யாரு?” என்று கேட்டான். நார்து இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கூடப் போன மனைவி ஜுடிட்டா எல்லாரிடமும் சொன்னாள்.

வேறு ஆளாக இருந்தால் அன்றோடு புத்தி வந்திருக்கும். நார்து திரும்பி வந்த மறுநாளே தன் கேஸ் வண்டியின் முன்னால் இத்தாலி டீமின் சட்டை நிறத்தில் இன்னும் பெரிய நீலக் கொடியாகப் பார்த்துக் கட்டினார். ரப்பர் உருண்டையை அமுக்கினால் பாம் பாம் என்று அலறுகிற பித்தளை ஹாரன் ஒன்று அவரிடம் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வருவார்கள். இத்தாலி ஜெயித்த நாட்களில் அதே ஹாரனை அடித்துக்கொண்டு ஊரையே நாலு சுற்று சுற்றுவார். இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத கிழவிகள் பாவம், சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மால்ட்டாத் தீவுக்கே பிடித்த சீக்கு இது. இங்கிலாந்துக்காரன் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டுப் போனான். அதனால் பாதிப் பேருக்கு இங்கிலாந்து டீம்தான் உயிர். சிசிலியிலிருந்து இத்தாலித் தொலைக்காட்சி கூரை ஆன்டெனாவுக்கு ஓசியில் வந்து விழுந்தது. அதனால் மீதிப் பேருக்கு இத்தாலி. எந்தப் புனிதருக்குத் திருவிழா எடுக்கிறோம் என்பதில் எப்படித் தெருத்தெருவாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறோமோ, அப்படியே இதிலும். இத்தாலி தோற்றால் இங்கிலாந்துக் கட்சிக்காரர்கள் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கறுப்புத் துணி போட்டு மூக்கைச் சிந்தி ஒப்பாரி வைத்தபடி இத்தாலிக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். இங்கிலாந்து தோற்றால் பெட்டி எதிர்த்திசையில் போகும். இதில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவனும் கேட்டதில்லை.

எங்களுக்கென்று ஒரு டீம் இல்லாமல் இல்லை. சிவப்புச் சட்டை போட்டு ஆடுவார்கள். அவர்களுக்காகக் கத்துகிறவர்கள் என்றால் ஆட்டக்காரர்களின் தாய்மார்களைச் சொல்லலாம். மற்றவர்கள் மைதானத்துக்குப் போவது, வந்திருக்கும் எதிர் டீமைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வரத்தான்.

நார்து வாலிபனாக இருந்தபோது எங்கள் தேசிய மைதானம் க்ஸீராவில் இருந்தது. பேருக்குக்கூட ஒரு புல் கிடையாது. சுண்ணாம்புக்கல் தரையில் மண்ணைக் கொட்டி இறுக்கியிருப்பார்கள். விழுந்தவன் முழங்காலில் தோல் மிச்சமிருக்காது. எழுபத்தொன்பதில் மேற்கு ஜெர்மனி டீம் அங்கே வந்து, அந்தத் தரையைப் பார்த்து மிரண்டு, ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் சைபருக்கு சைபர் என்று திரும்பிப் போனது. எங்கள் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள். நார்து அன்றைக்கு மைதானத்தில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரத்திலிருந்து ஜெர்மன்காரன் வந்தும் ஒரு கோல்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அங்கலாய்த்தார்.

எண்பத்துமூன்றில் ஸ்பெயின் எங்களைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று துவைத்துக் காயப்போட்டது. ஊரே வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. நார்துவுக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சிரிக்க ஒரு வசனம் கிடைத்தது. யார் எதில் சறுக்கினாலும், “பன்னெண்டுக்கு ஒண்ணா?” என்பார். ஜுடிட்டா சுட்ட ரொட்டி கருகினாலும் அதுதான். ரொம்ப நாள் கழித்து, இரண்டாயிரத்து ஆறில் ஒரு அக்டோபர் நாள், நாங்கள் ஹங்கேரியை இரண்டுக்கு ஒன்று என்று நிஜமாகவே ஜெயித்தோம். அன்றைக்கு நான் மைதானத்தில் இருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் கூட்டினால் மைதானம் கொள்ளாது. நார்துவுக்கு அந்தப் பொய்கூட வாய்க்கவில்லை. அதே நாள் இத்தாலி எங்கோ ஜார்ஜியாவில் ஆடிக்கொண்டிருந்தது; அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

இவருக்கு வாய்த்த மச்சான் ஃப்ரெது. ஜுடிட்டாவின் அண்ணன், தச்சர், இங்கிலாந்துக் கட்சி. ஊர்வலச் சவப்பெட்டி அவர் பட்டறையில் செய்ததுதான். விளையாட்டுக்குச் செய்த பெட்டியா அது? நல்ல செவ்வரளி நிறச் சாயம் பூசி, பித்தளைக் கைப்பிடி வைத்து, நிஜப் பிணத்தையே வைக்கலாம் போல இழைத்திருந்தார். அதில் நார்துவின் டீமை எத்தனையோ முறை படுக்கவைத்துத் தூக்கியிருக்கிறார். நார்துவும் அதே பெட்டியை இரவல் வாங்கி ஃப்ரெதுவின் டீமைப் படுக்கவைத்திருக்கிறார். ஒரு பெட்டி போதும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை.

நார்துவுக்கு ஒரே பையன். அலெஸ்ஸியோ என்று இத்தாலிக்காரப் பெயர் வைத்தார். ஃப்ரெது மாமா வேண்டுமென்றே அவனை அலெக்ஸ் என்று இங்கிலாந்துக்காரன் ஆக்கிக் கூப்பிடுவார். தொட்டிலில் கிடக்கும்போதே இரண்டு நாடுகளும் அவனைப் பங்கு போட்டுக்கொண்டன. அவனைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பையன் வளர்ந்து, இரண்டு பேர் முகத்திலும் கரியைப் பூசுகிற மாதிரி, உள்ளூர் டீமில் தடுப்பாட்டக்காரனாகச் சேர்ந்தான்.

கோல் அடிக்கிறவனாக இருந்திருந்தாலாவது அப்பனுக்கு ஒரு சுவாரசியம் இருந்திருக்கும். இவன் வேலை, பந்து வந்தால் எட்டி உதைத்து வெளியே அனுப்புவது. அவனுடைய ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரும். இத்தாலி லீக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். எதற்கு முன்னால் நார்து உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஜெயிச்சோம் என்று சொன்னால், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் “யாரை?” என்பார். தோற்றோம் என்றால் இருக்கவே இருக்கிறது, பன்னிரண்டுக்கு ஒன்று. எப்போதாவது மழைக்கு இத்தாலியில் ஆட்டம் நின்றுபோனால் மகன் ஆடும் மைதானத்துக்கு வருவார். வந்து, வெளியே நின்று பட்டாணி வைத்த பஸ்திட்சிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, உள்ளூர் ஆட்டத்தைக் கிண்டல் பண்ணிவிட்டுப் பாதியிலேயே கிளம்பிவிடுவார்.

அலெஸ்ஸியோவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. முறை வேலை முடித்துவிட்டு வந்து பயிற்சிக்குப் போவான். அப்படி ஆடி ஆடியே ஒரு நாள் தேசிய டீமுக்கு அவனை எடுத்துவிட்டார்கள். ஜுடிட்டா அழுதாள். ஃப்ரெது மாமாகூட வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நார்து, ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், போகிற இடத்தில் தட்டு தூக்கச் சொன்னாலும் சொல்வார்கள், பார்த்துப் போய்ட்டு வா என்றார். இது நகைச்சுவை என்று அவர் நினைப்பு. அவன் சிரிக்கவில்லை.

பிறகுதான் விதி தன் வேலையைக் காட்டியது. குலுக்கலில் இத்தாலியும் நாங்களும் ஒரே பிரிவில் விழுந்தோம். இத்தாலி எங்கள் ஊருக்கு வந்து ஆட வேண்டும். அவர்களுடைய முன்வரிசையை மறிக்கப் போகிறவன் நார்துவின் மகன்.

நார்து நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகனுக்காகக் கவலைப்பட்டு என்று ஜுடிட்டா நினைத்தாள். அவர் கவலை வேறு. வண்டியில் கொடியை அவிழ்ப்பதா வேண்டாமா என்பதுதான் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. ஃப்ரெதுவிடம் போய் யோசனை கேட்டார். கேட்ட இடத்தைப் பாருங்கள். ஃப்ரெது இழைப்புளியைக் கீழே வைக்காமலே, கொடியை அவிழ்த்தாலும் அவிழ்க்காவிட்டாலும் இத்தாலி கோல் போட்டால் நீ எழுந்து குதிக்கத்தான் போகிறாய், அது உன் கையிலும் இல்லை, காலிலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு, வீட்டில் முயல் கறி. சாப்பாடு முடிகிற நேரத்தில் அலெஸ்ஸியோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

“நாங்க ஜெயிப்போம்னு சொல்ல வரலப்பா. எங்களுக்காக நீ கத்தவும் வேணாம். அந்த ஒரு நாள் மட்டும் எங்க பக்கம் உக்காரு. அது போதும்.”

“உக்காரத்தானே? உக்காந்துட்டாப் போச்சு,” என்றார் நார்து.

“இத்தாலி கோல் போட்டாலும்.”

“போட்டாலும் உக்காந்திருக்கேன்டா. செயின்ட் செபஸ்தியான் மேல சத்தியம்.”

புனிதர் பெயரை அவர் சும்மா இழுக்கிறவர் இல்லை. ஜுடிட்டா அன்றைக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கழுத்துத் துணி வாங்கி வந்து வைத்தாள். மறுநாள் காலை வண்டியில் நீலக் கொடியைக் காணாமல் தெருவே வாயைப் பிளந்தது. யாரோ செத்துவிட்டார்களா என்று ஒரு கிழவி விசாரித்தாள்.

ஆட்டத்தன்று மாலை நார்து ஹாரனைக் கழற்றி மேல்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டார். நாம் ஒரு கோல் போட்டால் அடிக்க என்று ஜுடிட்டாவிடம் சொன்னார். உள்ளே இதெல்லாம் விட மாட்டார்கள். வாசலில் தடவிப் பார்த்தவன் வயிற்றுப் பக்கம் பித்தளை தட்டுப்பட்டதும் முகத்தை நிமிர்ந்து பார்த்தான், தெரிந்த முகம். வரும் வாரம் சிலிண்டர் சீக்கிரம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே அனுப்பினான்.

அவருக்கு இடது பக்கம் ஜுடிட்டா, வலது பக்கம் ஃப்ரெது. இத்தாலியின் தேசிய கீதம் ஒலித்தபோது எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து மார்பில் கை வைத்து வரி தப்பாமல் பாடினார்கள். எங்கள் கீதத்துக்கு அதில் கால்வாசிப் பேர் முணுமுணுத்தார்கள். நார்து இரண்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. கீதத்துக்குக்கூட எழுந்திருக்காமல் இருக்கப் பார்த்தார். ஜுடிட்டா முழங்கையால் ஒரு இடி இடித்ததும்தான் எழுந்தார்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பையன்கள் பதினோரு பேரும் கோலுக்கு முன்னால் போய் அடைந்துகொண்டு, வருகிற பந்தை எல்லாம் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் உதைத்தார்கள். பார்க்க அழகில்லாத ஆட்டம். ஆனாலும் இத்தாலியால் உள்ளே புக முடியவில்லை. அலெஸ்ஸியோ தலையால் முட்டினான், முதுகால் மறித்தான், ஒரு தடவை வயிற்றில் பந்தை வாங்கிச் சுருண்டு விழுந்து எழுந்தான். நேரம் போகப் போக, இத்தாலிக்காரர்களைப் பார்க்க வந்த கூட்டத்துக்கே என்னவோ ஆகிவிட்டது. அரங்கின் ஒரு மூலையில் யாரோ எங்கள் நாட்டின் பெயரைச் சொல்லிக் கத்த, இன்னொரு மூலை திருப்பிக் கத்தியது. மகன் ஒரு பந்தைக் கோட்டின் மேல் வைத்துத் தடுத்தபோது ஃப்ரெது, இங்கிலாந்து ஃப்ரெது, எழுந்து நின்று கைதட்டினார்.

நார்து மட்டும் முழங்கால் மேல் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, நடப்பட்ட கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். உன் பையனுக்காவது கைதட்டேன் என்று ஃப்ரெது குனிந்து சொன்னார். உட்காரத்தான் சொல்லியிருக்கிறான் என்றார் நார்து. சத்தியத்தைச் சிந்தாமல் சிதறாமல் காப்பாற்றுகிறோம் என்ற பெருமிதம் வேறு முகத்தில். பிள்ளை எதைக் கேட்டான், தான் எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த மண்டைக்குள் போகவே இல்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் க்ஸீராவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ள எங்களுக்கு இன்னொரு சைபர் கிடைத்துவிடும். இத்தாலிக்கு ஒரு கார்னர். நீலச் சட்டைகள் கூட்டமாகப் பாய, பந்து அத்தனை தலைகளுக்கும் மேல் வளைந்து வந்து, பின்னால் நின்றிருந்த ஒருவன் முழங்காலுக்குக் கீழே பட்டு, திரும்பி, வலைக்குள் போனது.

நீலச் சட்டைகள் கையைத் தூக்குவதை நார்து பார்த்தார். அவ்வளவுதான் பார்த்தார். ஐம்பது வருடப் பழக்கம் கேட்டுக்கொண்டா வரும்? “கோல்!” என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு எழுந்தார். மேல்சட்டைக்குள் இருந்த ஹாரன் எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. பாம் பாம் பாம் என்று அமுக்கித் தள்ளினார். கழுத்தில் சிவப்பு வெள்ளைத் துணி ஆடுகிறது, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சந்தோஷம். அவர் மட்டுமா? அரங்கில் பாதி எழுந்துவிட்டது. பிறகு எதிரே பெரிய பலகையில் கோல் போட்டவன் பெயர் வந்தது. ஷிபெர்ராஸ். தன் டீமின் வலைக்குள்ளேயே போட்ட சேம் சைடு கோல்.

எழுந்தவர்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மெதுவாக உட்கார்ந்தார்கள். நார்துவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிக நேரமானது. ஹாரன் இன்னும் இரண்டு தடவை ஒலித்தது. கீழே கோலுக்கு முன்னால் அலெஸ்ஸியோ முழங்காலில் நின்றபடி அரங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஜுடிட்டா ஹாரனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு மூடினாள்.

இத்தாலித் தொலைக்காட்சி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. உள்ளூர் ரசிகர் ஒருவரின் பெருந்தன்மையைப் பாருங்கள், அழகான ஆட்டம் யாருடையதானாலும் பாராட்டுகிறார் என்று வர்ணனையாளர் நெகிழ்ந்தார். நார்து வாழ்நாளெல்லாம் எந்த நாட்டின் கண்ணில் பட வேண்டும் என்று ஏங்கினாரோ, அந்த நாடு அவரைப் பார்த்துவிட்டது. மால்ட்டாக்காரன் என்று பார்த்தது.

ஊருக்கு வாய் கிடைத்துவிட்டது. அன்றைக்குக் கூடவே எழுந்து குதித்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பெற்ற அப்பனே இப்படிச் செய்யலாமா, நாட்டுப் பற்று வேண்டாமா என்று, இத்தாலிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேநீர்க் கடையில் உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். தாங்கள் குதித்தது கணக்கில் வராது, தொலைக்காட்சியில் வரவில்லையே. ஃப்ரெது சவப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். அட்டையில் ஒரு ஹாரன் வரைந்து உள்ளே கிடத்தி, கறுப்புத் துணியுடன் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, ஒப்பாரி வைத்தபடி தங்கையின் வீட்டு வாசலுக்கு வந்தார். ஜுடிட்டா மாடி மரப்பலகணியைத் திறந்து, பாத்திரம் கழுவின தண்ணீரை அண்ணன் தலையில் கொட்டினாள்.

“உன் டீமு கோப்பை ஜெயிச்ச அறுபத்தாறோட செத்துப்போச்சு. மொதல்ல அதைப் புதைச்சிட்டு வாடா,” என்றாள்.

உள்ளே நார்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அலெஸ்ஸியோ வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். உப்பை எடுத்துக் கொடு என்றுகூட அப்பாவிடம் சொல்லவில்லை. எட்டித் தானே எடுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் நார்து தாங்கியிருப்பார். திட்டுக்குப் பதில் திட்டு அவரிடம் நிறைய உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை காலை வண்டிக் கொட்டகையில் நார்து சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். அலெஸ்ஸியோ எங்கிருந்தோ வந்து மீதியைத் தூக்கி வைக்க ஆரம்பித்தான். பெட்டி தூக்கிப் பழகின கை. அப்பன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். அவன் இப்படி ஒரு வேலை செய்வதை இவ்வளவு நேரம் நின்று பார்த்தது அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

“கை தானா அமுக்கிடுச்சுடா,” என்றார் கடைசியில். “பழக்கதோஷம். வேணும்னு பண்ணல.”

“தெரியும்பா.”

“ரெண்டு வார்த்தை திட்டிடேன். இப்படி இருக்காதே.”

அலெஸ்ஸியோ கடைசிச் சிலிண்டரை ஏற்றிச் சங்கிலியை இழுத்து மாட்டினான். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“சின்ன வயசுலேருந்து ஆடுறேன். இத்தனை வருஷத்துல, நான் பந்தைத் தொட்டு நீ எந்திரிச்சது அன்னிக்குத்தான். உள்ள போனது எந்தக் கோலுக்குன்னு அந்தத் தள்ளுமுள்ளுல எனக்கு மொதல்ல உறைக்கல. ஹாரன் சத்தம் கேட்டுது. அண்ணாந்து பாத்தா நீ நிக்கிறே, அழறே, கத்துறே. ஒரு நொடி எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சுப்பா. அப்புறம்தான் புரிஞ்சுது.”

சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். நார்து வண்டியின் படியில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கோர்மியில் பாதி வீட்டுக்கு கேஸ் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வந்தது, ஆனால் ஹாரன் இல்லாமல் வந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, வாயால் கூப்பிட்டு, சிலிண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி வந்ததே தெரியவில்லை என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். ஹாரன் இருக்கும் கைப்பையை ஜுடிட்டா எங்கே வைத்திருக்கிறாள் என்று அவர் கேட்கவே இல்லை.

இதனால் மனுஷன் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இத்தாலியின் அடுத்த ஆட்டத்துக்கு நீலக் கொடி வண்டியில் ஏறிவிட்டது. இந்தச் சீக்கு அப்படியெல்லாம் இறங்குகிற சீக்கு இல்லை.

பனிக்காலத்தில் ஒரு மாலை. எங்கள் டீம் வடக்கே எங்கோ, வாயில் நுழையாத பெயருள்ள ஊரில் ஆடப் போயிருந்தது. அதே நேரம் இங்கிலாந்துக்கும் ஆட்டம் இருந்ததால், எங்கள் ஊர் பேண்டு வாத்தியக் குழுவின் மன்றத்தில் பெரிய தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. நார்து மன்றத்துக்குள் இருந்த மதுக்கடை ஓரமாகப் போய், குளிர்பெட்டிக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்த சின்னத் தொலைக்காட்சியில் நம்ம டீமின் ஆட்டத்தைப் போடச் சொன்னார். பரிமாறுகிறவன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமானது. அவர் ஒருவர்தான் அதற்கு முன்னால் உட்கார்ந்தார். சத்தம் வைக்க மற்றவர்கள் விடவில்லை.

நாங்கள் ஏற்கெனவே இரண்டு கோல் வாங்கியிருந்தோம். அந்தப் படத்தில் பனியும் புள்ளியுமாக ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். ஒருத்தன் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு எங்கள் கோலை நோக்கி ஓடினான். அவனுக்குப் பின்னால் ஒரு சிவப்புச் சட்டை, எட்டாது என்று தெரிந்தே, ஓடியது. ஓடி, சறுக்கி விழுந்து, காலை நீட்டி, பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது.

நார்து எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார். மன்றமே திரும்பிப் பார்த்தது. ஃப்ரெது கையில் கிளாசோடு எழுந்து வந்து சின்னத் திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, கோலா?”

“கார்னர்.”

“நமக்கா?”

“அவங்களுக்கு.”

“அதுக்கு எதுக்குய்யா எந்திரிச்சு நிக்கிறே?”

மன்றம் கொல்லென்று சிரித்தது. பன்னெண்டுக்கு ஒண்ணு என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். நார்து அந்த ஆட்டம் முடிகிற வரைக்கும் உட்காரவே இல்லை.